நிதானத்தின் நீலப் புள்ளி

கோடை தொடங்கி வெங்காய விலை ஏறியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தண்ணீர் வடிகட்டி விற்பவரான நிதானத்தின் நீலப் புள்ளி அவரை விட்டுவிட்டுப் பேருந்திலிருந்து இறங்கி நடந்து போனது. பேருந்து பாலத்துக்கு முந்தின சிக்னலில் நின்றிருந்தது. நிதானம் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கே இருக்கிறார் என்று காட்டவேண்டிய புள்ளி சாலையைக் கடந்தது, மருந்துக்கடை முனையில் இடப்பக்கம் திரும்பியது, ஒரு சந்துக்குள் நுழைந்தது. அவர் கைப்பேசியை முழங்காலில் இரண்டு தட்டு தட்டினார். ரேடியோ காலத்து மனிதர். எது மக்கர் செய்தாலும் தட்டிப் பார்ப்பார். புள்ளி நிற்கவில்லை.

அவருக்கு நிதானம் என்ற பெயர் சும்மா வரவில்லை. வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவருடைய மைத்துனரே பல பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். கனத்த உடம்பு. மாடிப்படியைக் கண்டால், அதனிடம் மன்னிப்புக் கேட்பவர்போல் சற்று நேரம் தலை குனிந்து நின்றுவிட்டுத்தான் ஏறுவார். முன்பெல்லாம் இது ஒரு பிரச்சினையாக இல்லை. வடிகட்டி விற்பவர்கள் எல்லோரும் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, போகாத வீடுகளுக்குப் போய்வந்ததாக எழுதிக் கொடுத்து நிம்மதியாக வாழ்ந்தார்கள். பிறகு கம்பெனி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒரு செயலியைப் போட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டைச் சுற்றியும் வரைபடத்தில் ஒரு வட்டம். விற்பனையாளரின் புள்ளி அதற்குள் நுழைந்தால் வட்டம் பச்சையாகும். அதே நொடியில் வீட்டுக்காரருக்கும் 'எங்கள் பிரதிநிதி உங்கள் வாசலில்' என்று செய்தி போகும். சுவர் அளவு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தொட்டியில் மீன் பார்ப்பதுபோல் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார் மேலாளர். "வட்டத்துக்குள்ள வந்தாச்சா, வரலையா?" என்பதைத் தவிர வேறு கேள்வி அவர் வாயில் வந்ததில்லை. அதனால் அவருக்கே வட்டம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தன் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமும் அதையேதான் கேட்டார் என்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நிதானம் பேருந்திலிருந்து இறங்கி, பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தன் வேலை கண்ணெதிரே போவதை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி தெருத் தெருவாகப் போயிற்று. மதியத்துக்குள் மேற்குப் பக்கம் முழுக்கப் பச்சை. அவர் ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது கிழக்குப் பக்கமும் பச்சை. வேலை இன்றோடு சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டு சாயங்காலம் அலுவலகத்துக்குப் போனார். வட்டம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரே நாளில் இத்தனை வட்டத்தை யாரும் பச்சையாக்கியதில்லையாம். அதைவிட ஆச்சரியம், பல வீடுகளில் வடிகட்டிக்குச் சம்மதம் சொல்லி அப்போதே பதிவும் செய்திருந்தார்கள்.

அது எப்படி நடந்தது என்று பிற்பாடு அந்தத் தெருக்காரர்களிடம் விசாரித்தபோது, எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். கைப்பேசி கூவியது, போய்க் கதவைத் திறந்தோம், வாசலில் யாரும் இல்லை. ஆனால் அந்த யாரும் இல்லாதது ரொம்ப மரியாதையாக இருந்தது. அது செருப்போடு உள்ளே வரவில்லை. சோபாவில் உட்கார்ந்து குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. நம் வீட்டுத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, இதில் எத்தனை கிருமி தெரியுமா என்று பயமுறுத்தவில்லை. சும்மா நின்றது. அப்படி நிற்பவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

அன்றிலிருந்து நிதானம் காலையில் பேருந்தில் ஏறுவார், பாலத்துக்கு முன்னால் புள்ளி இறங்கிக்கொள்ளும், அவர் பூங்காவுக்குப் போவார். அந்த வருடம் அவருக்கு நிறம் கூடியது. ஆண்டு விழாவில் கோப்பை கொடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 'நடையின் ரகசியம்' என்று ஒரு சொற்பொழிவு ஆற்றச் சொன்னபோது, மேடைக்குப் போகும் மூன்று படியில் ஏற அவருக்குப் பிடித்த நேரத்தில் பாதிப் பேர் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். ஆனால் யாரும் சந்தேகப்படவில்லை. திரையில் இருப்பதைவிட்டு மேடையில் இருப்பதை யார் பார்ப்பார்கள்?

கடைக்காரர்களுக்கும் புள்ளியைப் பிடித்துப்போயிற்று. எந்தக் கடையைக் கடந்து போனாலும் அந்தக் கடையிலிருந்து நிதானத்தின் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. 'இந்த வாரத்தில் பல முறை எங்கள் வாசல் வழியாகப் போனீர்கள், ஒரு முறை உள்ளே வரக்கூடாதா?' என்று கேக் கடை கெஞ்சியது. முடிதிருத்தும் கடை, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று பாதி விலை சொன்னது. போனால், தலையில் முடியே இல்லாத மனிதர் வந்து நிற்பதைப் பார்த்துக் கடைக்காரர் காதோரத்தில் மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அனுப்பினார். புள்ளி வாசலில் நின்றால் கடை 'இப்போது கூட்டமாக இருக்கிறது' என்று வரைபடத்தில் காட்டும்; கூட்டம் இருக்கும் கடையில்தான் சரக்கு நல்லதாக இருக்கும் என்று ஊரே அங்கே போகும். கேக் கடைக்காரர் இந்த வித்தையைப் புரிந்துகொண்டு, நிதானத்துக்கு மாதாமாதம் ஒரு பெட்டி கேக் அனுப்பினார். நிதானத்துக்கு ஒன்றே ஒன்றுதான் விளங்கவில்லை. காலணிக் கடை ஒன்று, நடனமாடுவதற்கான மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூவை வாங்கிக்கொள்ளும்படி அவரைத் திரும்பத் திரும்ப நச்சரித்தது.

அதை விளங்கிக்கொண்டவர் அவர் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். ஊசியம்மா என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பருமனான கையிலும் ஒளிந்திருக்கும் நரம்பை முதல் குத்திலேயே கண்டுபிடிப்பார். அவர் கண்ணிலிருந்து எதுவும் ஒளிய முடியாது என்பது நிதானத்துக்குத் தெரியும், ஆகவே ஒளிப்பதற்கு அவர் முயற்சி செய்ததே இல்லை. வெளியூரில் படிக்கும் மகள், அப்பா அம்மா எங்கே என்று கவலைப்படாமல் இருப்பதற்காக மூன்று பேர் கைப்பேசியையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நிதானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருக்க, எதிரே நின்ற ஊசியம்மா கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"உன் முன்னாடிதானே உக்காந்திருக்கேன்."

"அது தெரியுது. எங்க இருக்கீங்கன்னு கேட்டேன்."

நிதானம் எட்டிப் பார்த்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில், ஒரு நடன வகுப்புக்குள் அவருடைய புள்ளி முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் சுழன்றது என்றுகூடச் சொல்லலாம்.

"வாரா வாரம் வியாழக்கிழமை இதே கதைதான். கேட்டா வாயைத் திறக்கிறதில்ல" என்றார் ஊசியம்மா.

"நீ கேக்கவே இல்லையே. ஆறு மாசமா அதுவாத்தான் போகுது, வருது. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

புள்ளி தனியாக நடக்கிறது என்பது ஊசியம்மாவுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. ரத்தம் பார்த்தால் மயங்கி விழும் போலீஸ்காரர்களை எத்தனையோ பார்த்தவர். "போறது போகட்டும்ங்க. உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகுதா, சொல்லாமப் போகுதா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். சொல்லாமல்தான் போகிறது என்று தெரிந்ததும் முகம் மாறியது. அடுத்த வியாழக்கிழமை கைப்பையை மாட்டிக்கொண்டு நேராக அந்த மாடிக்குப் போனார்.

அங்கே ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை யாரும் இடிக்காமல், மரியாதையாகச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். வகுப்பில் வருகைப் பதிவு கைப்பேசி இருக்கும் இடத்தை வைத்துத்தானாம். அந்தக் காலி இடம் ஒரு வகுப்புகூடத் தவறவிட்டதில்லை. "அவரா?" என்றார் நடன ஆசிரியை, நெட்டையான, எலும்பெல்லாம் தெரியும் பெண்மணி. "அவரை மாதிரி ஒரு மாணவர் கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும். இன்னி வரைக்கும் யார் காலையும் மிதிச்சதில்ல. ஜோடிதான் அமையல, பாவம்." ஊசியம்மா கைப்பையை மூலையில் வைத்தார். சண்டை போடத்தான் அந்தக் காலி இடத்துக்கு முன்னால் போய் நின்றார். இசை தொடங்கியது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நீட்டினார். நீட்டிய கை கீழே விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் கன்னம் சிவந்திருந்தது. என்ன ஆயிற்று என்று நிதானம் கேட்டார். "நல்லாத்தான் ஆடறீங்க" என்றார் ஊசியம்மா, தண்ணீர் குடித்துக்கொண்டே. "நானா?" என்றதற்கு, "பின்ன யாரு?" என்றார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நிதானத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் மனைவிமேல் சந்தேகப்பட்ட கணவர்கள் உண்டு. தன்மேலேயே சந்தேகப்பட்டு, தன்னையே ஆள் வைத்து அடிக்கலாமா என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான். முதலில் கைப்பேசியை அணைத்துப் பார்த்தார். பிறகு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, மேலே இரண்டு போர்வையைப் போட்டு மூடினார். அன்றைக்கு ஊசியம்மா வந்து, "இன்னிக்கு ஏன் அவ்வளவு வேகம்? எனக்கு மூச்சே வாங்கிடுச்சு" என்றார். சரி, நேரிலேயே போய்ப் பிடித்துவிடுவோம் என்று அடுத்த வியாழக்கிழமை நிதானம் டாக்ஸிக்குச் சொன்னார். டாக்ஸி வரவில்லை, ஓட்டுநரிடமிருந்து போன் வந்தது.

"சார், வந்துட்டேன். உங்க பக்கத்துலதான் நிக்கிறேன்."

"இங்க ஒரு வண்டியும் இல்லையேப்பா. என்னைத் தெரியுதா உனக்கு?"

"நல்லாத் தெரியறீங்க சார், ஸ்கிரீன்ல. ஏறிட்டீங்க. கதவை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்க."

டாக்ஸி புள்ளியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வாடகை நிதானத்தின் கணக்கில் கழிந்தது. பயணியின் நடத்தைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, 'பேசவே மாட்டார், தங்கமான மனிதர்' என்று ஓட்டுநர் குறிப்பும் எழுதியிருந்தார்.

பட்ட காலிலே படும் என்பார்கள். அதே மாதத்தில் வட்டத்தின் கார் பூங்கா வாசலில் பழுதாகி நின்றது. இறங்கி வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த நிதானத்தைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார். மறுபடியும் நிதானத்தைப் பார்த்தார்.

"நீங்க இப்ப மேற்குத் தெருவுல ஒரு டாக்டர் வீட்டு வாசல்ல இருக்கீங்க" என்றார்.

"இல்ல சார், இங்க இருக்கேன்."

"அதைத்தான் கேக்கறேன். இங்க ஏன் இருக்கீங்க?"

விசாரணைக் குழு அமைத்தார்கள். குழுவினர் பிஸ்கட் தின்று தீர்த்துவிட்டுச் சொன்ன முடிவு இதுதான்: புள்ளிமேல் எந்தக் குற்றமும் இல்லை, அது வேலை நேரத்தில் வேலை செய்யும் இடத்தில் இருந்திருக்கிறது. அது இருக்கும் இடத்தில் இல்லாமல் போனது ஆளுடைய ஒழுங்கீனம். ஆகவே ஆளை வேலையிலிருந்து நீக்கி, புள்ளியை வைத்துக்கொள்வது. சம்பளம் புள்ளியின் வங்கிக் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கு நிதானத்தின் கணக்கேதான் என்பதால் வீட்டில் வரவு செலவில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அலுவலகக் காவலாளி, நேற்றுவரை எழுந்து நின்று வணக்கம் வைத்தவர், வாசலில் கையை நீட்டித் தடுத்தபோது நிதானத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஊசியம்மா விளக்கைப் போட்டுவிட்டு, என்ன என்று கேட்டார்.

"ஆபீசுக்கும் புள்ளி போதுமாம். கடைக்காரனுக்கும் அதுதான் வேணும். உனக்கும் ஆடறதுக்கு அது இருக்கு. அப்ப நான் எதுக்கு?"

ஊசியம்மா பொய்யாக ஆறுதல் சொல்லும் ஆள் இல்லை. ஊசி வலிக்குமா என்று கேட்கும் குழந்தைகளிடமும் வலிக்கும் என்றுதான் சொல்வார். எதிரே உட்கார்ந்து யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது நல்லா ஆடுதுதான். ஆனா நான் ஒண்ணு சொன்னா அது எதிர்த்து ஒண்ணு சொல்றதில்ல. திரும்பி வரும்போது பாலத்துல நான் பாட்டுக்குப் புலம்பிக்கிட்டே வரேன், ஒரு 'ம்' கூடக் கிடையாது. யார்கூடங்க நான் சண்டை போடறது? வியாழக்கிழமை கிளம்புங்க."

"எனக்கு ஆடத் தெரியாதே."

"தெரியாதுன்னு யார் சொன்னா? ஆறு மாசமா கத்துக்கிட்டிருக்கீங்க."

வியாழக்கிழமை நிதானம் ஒவ்வொரு படியாக அந்த மாடிக்கு ஏறிப் போனபோது வகுப்பு பாதி முடிந்திருந்தது. வாசலில் இருந்த வருகைப் பதிவு அவரை ஏற்கவில்லை. நீங்கள் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்றது. ஆசிரியையும் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவர் வந்து ரொம்ப நேரமாச்சே" என்றார். ஊசியம்மா எதையும் காதில் வாங்காமல் கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இரண்டாம் வரிசையில் நிறுத்தினார். காலியாக இருந்த இடத்தில் அவர் வயிறு முதலில் போய் நின்றது, பிறகு அவர். அப்போது புள்ளி தானாகவே ஒதுங்கி, சன்னலோரம் போய் நின்றதாக ஆசிரியையின் கைப்பேசி காட்டியது. இசை தொடங்கிய கையோடு நிதானம் தன் முழுக் கனத்தையும் போட்டு மனைவியின் காலை மிதித்தார். ஊசியம்மா போட்ட சத்தத்தில் கீழே பேட்டரிக் கடைக்காரர் வெளியே ஓடி வந்துவிட்டார்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"நீ ஏன் அங்க காலை வெச்ச? அது என் இடம்!"

"உங்க இடமா? வந்து அஞ்சு நிமிஷம் ஆகல!"

வகுப்பு ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. இவ்வளவு திருத்தமாக, கைகளை விடாமலேயே, ஒரு ஜோடி சண்டை போட்டு அவர்கள் பார்த்ததில்லை. சண்டையின் நடுவே இருவரும் சுழன்று சுழன்று அந்தக் கூடத்தை முழுச் சுற்று வந்துவிட்டார்கள் என்பதை அவர்களே கவனிக்கவில்லை. ஊசியம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், கணவரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். இருவரும் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, ஆசிரியை கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். சன்னலோரம் இப்போது இரண்டு புள்ளிகள் நின்றிருந்தன. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் படியிறங்கி, பாலத்தின் பக்கம் போகாமல், ரயில் நிலையத்தின் பக்கம் திரும்பின.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் சிறு குழப்பம் ஏற்பட்டது. அங்கும் வருகைப் பதிவு இருக்கும் இடத்தை வைத்துத்தான். கையில் ஊசியோடு நின்றுகொண்டிருந்த ஊசியம்மாவுக்கு, வரவில்லை என்று பதிவானது. அவர் எதிரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, இன்று ரத்தம் எடுக்க ஆள் இல்லை, நாளை வாருங்கள் என்று செய்தி வந்தது. "நீங்க லீவுல இருக்கீங்கம்மா, லீவுல இருக்கிறவங்க ஊசி போடக் கூடாது" என்று நிர்வாகி சொல்ல, அவர் சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் எடுத்த முதல் விடுமுறை அதுதான். அந்தப் பக்கம் வட்டம், திரையில் தன் தலைசிறந்த விற்பனையாளர் எல்லா வட்டங்களையும் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அழைத்தால் நிதானம், "நான் வீட்லதான் சார் இருக்கேன், துணி காயப் போடறேன்" என்றார். மகளும் கோபமாக அழைத்தாள்.

"கடலுக்குப் போறீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களாப்பா? நானும் வந்திருப்பேன்ல?"

"எங்களுக்கே இப்பதான்மா தெரியும்."

அடுத்த வாரம் முழுக்க இருவரும் வீட்டில் இருந்தார்கள். மெத்தையை வெயிலில் போட்டார்கள், பரணைச் சுத்தம் செய்தார்கள். கைப்பேசிகள் மட்டும் கடற்கரைச் செய்திகளாகக் கொண்டுவந்து கொட்டின. படகுக்காரர் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சலுகை சொன்னார். 'நீங்கள் நிற்கும் இடத்தில் அலை அதிகம், சற்றுத் தள்ளி நில்லுங்கள்' என்று எச்சரிக்கை வந்தபோது இருவரும் பரணிலிருந்து இறங்கிக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஊசியம்மாவின் முகம் கடற்கரை வெயில் பட்டதுபோல் கறுத்துப்போயிற்று. படுக்கை விரிப்பை உதறினால் மணல் கொட்டியது. நிதானத்துக்குத் தினமும் காலையில் கழுத்து பிடித்துக்கொண்டது; ஒரு பக்கமாகவே தலையை வைத்துக்கொண்டு நடமாடினார்.

ஞாயிற்றுக்கிழமை புள்ளிகள் ஊர் திரும்பின. திங்கட்கிழமை ஒன்று வடிகட்டி விற்கப் போயிற்று, மற்றொன்று பரிசோதனைக் கூடத்துக்கு ஊசியம்மாவோடு ஒழுங்காகப் போயிற்று. வியாழக்கிழமைகளில் இரண்டாம் வரிசையில் இரண்டு ஜோடிக்கு இடம் ஒதுக்கினார்கள். பிறகு வந்த வருடங்களில் ஊரில் வேறு பலருடைய புள்ளிகளும் கோடையில் வெளியூர் போய்வரத் தொடங்கின. ரயில்வேக்காரர்கள் அதற்கென்று ஒரு பெட்டியைச் சேர்த்தார்கள், அதில் கூட்டமே தெரியாது, ஆனால் உட்கார இடம் கிடைக்காது.

கடலிலிருந்து வந்த அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், 'நீங்கள் தங்கிய விடுதி எப்படி இருந்தது?' என்று நிதானத்தின் கைப்பேசி கேட்டது. ஐந்து போடுங்கள் என்றார் ஊசியம்மா. மூன்றுக்கு மேல் தகாது என்றார் நிதானம். போகாத விடுதிக்காக இருட்டும்வரை வாதாடி, கடைசியில் நிதானம் மூன்றைப் போட்டுவிட்டார். சற்று நேரத்தில் விடுதிக்காரரே அழைத்தார்.

"சார், மூணு நட்சத்திரம் போட்டுட்டீங்களே. அறையில என்ன குறை? மனசு விட்டுச் சொல்லுங்க."

நிதானம் கழுத்தைத் தடவிக்கொண்டார். "மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. தலையணை ரொம்ப உயரம்."

"எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க" என்று விடுதிக்காரர் பெருமூச்சு விட்டார். அடுத்த கோடைக்குள் மாற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். வாக்குத் தவறாத மனிதர், மாற்றியும்விட்டார். அந்த வருடம் புள்ளிகள் கடலுக்குப் போயிருந்த வாரத்தில் நிதானம் ஒரு நாள்கூடக் கழுத்து வலி என்று சொல்லவில்லை.